கைராசிச் சாவி

பெரியதம்பி ஆர்கேடு என்று திண்டிவனமே சொல்லும். பெயர்தான் அவருடையது. மனையை விற்றுப் பணத்தை எண்ணி வாங்கியதோடு அவர் வேலை முடிந்தது. எதிரும் புதிருமாகக் கடை கட்டியவர்கள் மனையை வாங்கியவர்கள். நடுவிலிருந்த பொதுச் சந்தில் மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்க, தரையை உயர்த்தி, தகரக் கூரை போட்டு, இரண்டு முனையிலும் இரும்புக் கதவு வைத்து அதை ஆர்கேடு ஆக்கியவர்களும் அவர்கள்தான். அவரவர் கடைக்கு நேரே அவரவர் தகரம். அமல்ராணியின் தையல் கடைக்கு நேரே இருந்ததை அவள் புருஷன் இன்னாசிராஜ் தன் கையாலேயே போல்ட் போட்டு முடுக்கினான். அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். அவளுக்குப் பிழைப்பு அந்தக் கடைதான்.

மரியாதை என்று ஒரு வியாதி உண்டு. பெரியதம்பிக்குக் கைராசி என்று எவனோ கிளப்பிவிட, வருஷா வருஷம் சித்திரை முதல் நாள், மாற்றுச் சாவி உட்பட இரும்புக் கதவுகளின் எல்லாச் சாவியையும் தாம்பாளத்தில் வைத்து அவரிடம் நீட்டுவார்கள். அவர் கதவைத் திறந்துவிட்டு, வெற்றிலை பாக்கோடு திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் செத்தபிறகு இந்த வருஷம் மகன் தென்னரசுவிடம் நீட்டினார்கள். அவன் திறந்தான். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஒருத்தராவது திருப்பிக் கேட்டார்களா? நல்ல நாளில் கேட்டால் நன்றாயிருக்காதாம்!

மறுநாள் காலை இரண்டு கதவும் பூட்டியிருந்தன.

"சந்து எங்கப்பாவுது. பெரிய துணிக்கடைக்காரங்க மொத்தமா கேக்கறாங்க. கடைய எழுதிக் குடுத்துட்டு உள்ள போய் சாமான எடுத்துக்குங்க," என்றான் தென்னரசு.

அமல்ராணி கதவுக் கம்பி வழியே தன் கடையைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல்முதலாக நற்கருணை பெற்றுப் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு அவள் தைத்த வெள்ளைக் கவுன்களெல்லாம் உள்ளே கிடந்தன.

எறும்பை மிதிக்கவும் யோசிக்கிற பாத்திரக்கடை ஜீவகன், "பூட்ட ஒடச்சா நம்ம மேலதாம்மா கேஸ் வரும்னு வக்கீல் சொல்றாரு. கோர்ட்டுக்குப் போலாம், ஆத்திரப்படாத," என்றார்.

"ஆத்திரப்படாம? தட்டுல வச்சு குடுத்தோமேண்ணா, நம்மளத்தான் செருப்பால அடிக்கணும்! கோர்ட்டு முடியறதுக்குள்ள நான் பிச்சைதான் எடுத்துக்கினு இருப்பேன். பூட்டு அவன் கையில இருக்கட்டும். கூரை யாருது?"

ஜீவகன் போய் ஏணி கொண்டுவந்தார்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்பேனரோடு தன் கடையின் பின்சுவர் வழியாகக் கூரைக்கு ஏறினாள். அவள் தகரத்தின் போல்ட் அசையவில்லை. "சண்டாளா, இப்படியா முடுக்குவ?" என்று செத்தவனையும் திட்டினாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே கழற்றினாள். அதைப் பார்த்த மற்றவர்களும் ஒவ்வொருவராக மேலேறித் தங்கள் தகரத்தைக் கழற்றினார்கள். சித்திரை வெயில் சந்துக்குள் இறங்கியது. ஏணியை உள்பக்கம் இறக்கி அவள் கீழே வந்தாள். நேரே கதவிடம் போய், உள்பக்கமிருந்த கீல் போல்ட்டுகளில் ஸ்பேனரை மாட்டினாள்.

தென்னரசு ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். "துணிக்கடைக்காரங்க எடம் பாக்க வந்துக்கினு இருக்காங்க! கூரைய மாட்டுங்க, சாவியக் குடுத்துடறேன்."

"கதவும் நாங்க வாங்கினதுதான். தள்ளி நில்லு, மேல உழும்."

"கூரையும் இல்லாம கதவும் இல்லாம, மழை வந்தா என்ன பண்ணுவீங்க?"

"நனைவோம்," என்றாள் அமல்ராணி. "நீ சாவியப் பத்திரமா வச்சிக்க."