இரண்டு குழாயும் இடது பக்கம்

இரும்பறுக்கும் கிரைண்டர் வண்டியின் புகைக்குழாயைத் தொட்டதும் பொறி பறந்து எலோயின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் அதைத் தட்டிவிடக்கூட இல்லை. மணி ஏழரை. பத்து மணிக்குக் கோயிலில் பூசை. பூசை முடிந்ததும் அப்பாவின் சவப்பெட்டியை இதே பிக்கப்பில் ஏற்றிக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். டவுனிலிருந்து வரும் சவ வண்டி கோயில் வாசலோடு சரி. அதற்கப்பால் ஓடையில் இறங்கி ஏற அதற்குத் தெம்பு கிடையாது.

"அண்ணே, துக்க வீட்டுல காலங்காத்தால இப்படிச் சத்தம் போட்டா ஊரு என்ன நெனைக்கும்?"

தங்கை ஒர்லிண்டா கரண்டியோடு வாசலில் நின்றாள். உள்ளே, அடக்கம் முடிந்து வருகிறவர்களுக்காகச் சிவப்பு மிளகாயும் பன்றிக்கறியும் கொதித்துக்கொண்டிருந்தன.

"ஊரு பின்னாடிதானே வரப்போவுது? அவங்க கண்ணுல படப்போறது இந்த வண்டியோட பின்பக்கம். அதுக்குத்தான் பண்றேன்."

"அப்பா பண்ணி வச்சது. இருந்துட்டுப் போவட்டுமே."

"அப்பாவா பண்ணாரு? அவரு புத்தி போனதுக்கப்புறம் கை பண்ணினது."

அவள் கதவை அறைந்து சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

அறுபத்து நாலாம் வருஷத்து வண்டி அது. எஞ்சினில் பக்கத்துக்கு நாலு சிலிண்டர். ஒவ்வொரு பக்கத்துப் புகைக்கும் தனிக் குழாய் போட்டு, ஒன்றை வலப்பக்கமும் இன்னொன்றை இடப்பக்கமும் வெளியே விடுவார்கள். அதுதான் ரெட்டைக் குழாய். அந்தப் பள்ளத்தாக்கில் பால்குடிப் பிள்ளைக்கும் அது தெரியும். அப்பா பெலார்மினோ என்ன செய்திருந்தார் தெரியுமா? வலப்பக்கக் குழாயைக் கியர்பாக்ஸுக்கு அடியில் குறுக்கே திருப்பி, இடப்பக்கக் குழாயோடு சேர்த்து ஓட்டி, இரண்டு வாயையும் இடது பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒன்றாக நிறுத்தியிருந்தார். ஆல்புகர்க்கியில் இருபது வருஷமாக சைலன்சர் கடை வைத்திருக்கும் மகன் அதைப் பார்த்தால் என்ன ஆவான்?

போன நவம்பரில்தான் பார்த்தான். அதற்கு முந்தின வாரம் அப்பா அடுப்பில் காபியை மறந்து பாத்திரம் கருகியிருந்தது. அவனையே இரண்டு தடவை, செத்துப்போன சித்தப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். முற்றத்தில் வண்டிக்குப் பின்னால் நின்று, ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு வாயையும் பார்த்தவன் அங்கேயே முடிவு கட்டிவிட்டான். "இனிமே நீங்க ஓட்ட வேண்டாம்ப்பா" என்று சாவியை வாங்கித் தன் கடைச் சாவிக்கொத்தில் கோர்த்துக்கொண்டான். பெலார்மினோ சண்டை போடவில்லை. "அது அப்படித்தான்டா போகணும்" என்று மட்டும் சொன்னார். எலோய் அதையும் கிறுக்கில் சேர்த்துவிட்டான்.

அப்புறம் குளிர்காலம் முழுக்க, தினமும் சாயங்காலம், அப்பா சாவியில்லாத வண்டியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாராம். செவ்வாய்க்கிழமை அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது அவர் இறங்கி வரவில்லை. உட்கார்ந்தபடியே போயிருந்தார். சாவி அப்போது தொண்ணூறு மைலுக்கு அப்பால் எலோயின் பாக்கெட்டில் கிடந்தது.

மூன்று நாளாக அந்தச் சாவி அவன் தொடையில் குத்திக்கொண்டே இருந்தது. அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பது உறுதியாக இருந்தால்தான் அவனால் கண்ணை மூடித் தூங்க முடியும். அதற்கு அந்தக் கோணல் குழாயை விட்டால் வேறு சாட்சி இல்லை. ஆனால் அதை ஊர் பார்த்துவிடவும் கூடாது. பெட்டிக்குப் பின்னால் வருகிறவர்களில் பாதிப் பேர் வண்டிப் பைத்தியங்கள். எவனாவது பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டால் எலோய் அங்கேயே அவன் பல்லை உடைத்துவிடுவான். அதனால்தான் கடையிலிருந்து வளைத்த குழாய்களை ஏற்றிக்கொண்டு விடியுமுன் கிளம்பி வந்திருந்தான்.

"மச்சான், அந்த முனையைப் பிடிக்கட்டா?" ஒர்லிண்டாவின் புருஷன் டெல்ஃபினோ மறுபக்கமாக ஊர்ந்து உள்ளே வந்தான். "உங்க வீட்டுல ஒரு சாவுகூடச் சும்மா நடக்காது போல."

"வாயை மூடிட்டுப் பிடி, மாப்ளே."

குழாய் அறுந்தது. அறுந்த வாயிலிருந்து மணல் சரிந்து எலோயின் முகத்தில் கொட்டியது.

"த்தூ!"

"மணலா? இது எப்படி உள்ள போச்சு?"

எலோய் முகத்து மணலை வழித்துவிட்டான். மணல் எப்படி உள்ளே போகும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன! அவன் கடையில் குழாய் வளைக்க மெஷின் இருக்கிறது. மெஷின் இல்லாதவன் மணலைச் சலித்து, வறுத்து, குழாய்க்குள் இறுக அடைத்து, இரண்டு முனையையும் மூடிச் சூடுகாட்டி வளைப்பான். அப்போதுதான் வளைவு நசுங்காது. மணலில் துளி ஈரம் இருந்தாலும் குழாய் வெடித்து ஆளை அடிக்கும். ஒரு வளைவுக்கு அரை நாள் ஆகும். இந்த ஒரு குழாயில் ஐந்து வளைவு இருந்தது. தட்டிக் கொட்டியும் மடிப்பில் தங்கிய மிச்சம் இது. வண்டி ஓடியிருந்தால் எப்போதோ புகையோடு வெளியே போயிருக்கும்.

அறுந்த வாயை விரலால் தடவினான். வட்டமாக இல்லை, ஒரே சீராக, தட்டையாக, முட்டை வடிவில் இருந்தது. மறுபடி ஒரு சுற்றுத் தடவினான்.

"மச்சான், இது ஒண்ணும் கீழ தொங்கலையே. குறுக்குச் சட்டத்துக்கு மேலதான் நிக்குது. கல்லு இடிக்கக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்துத் தட்டையாக்கியிருக்காரு போல."

"நீ பிடி."

"இல்ல, சும்மா சொன்னேன்…"

"பிடின்னு சொன்னேன்ல!"

டெல்ஃபினோ முனையைப் பிடித்தான். எலோய் பழைய குழாயை மொத்தமாக இறக்கி வேலியோரம் போட்டான். புதிய குழாயை வலப்பக்கச் சட்டத்தோடு ஓட்டி, பின் ஆக்ஸிலுக்கு மேல் வளைத்து, வலது சக்கரத்துக்குப் பின்னால் வெளியே விட்டு வெல்டிங் வைத்தான். ஒன்பதுக்கெல்லாம் முடிந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்று பார்த்தான். பக்கத்துக்கு ஒன்று, அளவு பிசகாமல்.

"இப்பத்தான் வண்டி மாதிரி இருக்கு" என்றான். டெல்ஃபினோ தரையைப் பார்த்தான்.

சாவியைக் கொத்திலிருந்து கழற்றி எஞ்சினைக் கிளப்பியபோது, நாலு மாதம் சும்மா கிடந்த வண்டி இருமி, உதறி, பிறகு கனமாக உறுமியது. அந்தச் சத்தம் கேட்டு அம்மா ரொமால்டா வெளியே வந்தாள். கறுப்பு உடை, தலையில் கறுப்புத் துணி. அந்த நாட்டு வண்டியில் ஓட்டுகிறவர் உட்காருவது இடப்பக்கம். யாரும் கைகொடுக்குமுன் வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறி, தன் இடத்தில் உட்கார்ந்து, எப்போதும்போல் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. வாயைப் பொத்திக்கொண்டு இரும ஆரம்பித்தாள், இருமல் நிற்கவில்லை. குனிந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுக்க முடியாமல் இருமினாள்.

"கண்ணாடியை ஏத்திக்கம்மா!"

"ஏத்துனா… மூச்சு முட்டுதுடா." அவன் எஞ்சினை அணைத்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொகை எப்படி என் பக்கம் வருது? வராதுன்னுல்ல உங்கப்பா சொன்னாரு."

"என்னம்மா சொன்னாரு?"

"போன வருஷம் நெஞ்சு டாக்டர்கிட்ட போறப்பல்லாம் வழி பூரா இருமிட்டே போவேன். வண்டிப் பொகை எனக்கு ஆகல. ஜன்னலை மூடுனாலும் ஆகல. சரி இரு, ரெண்டு கொழாயையும் நான் ஓட்டற பக்கமா இழுத்துக்கறேன்னாரு. அக்டோபர் பூரா அந்த வேலைதான். அடுப்புல என்னென்னத்தையோ கருக விட்டாரு, கண்ணு பூரா கொட்டகையிலதான் இருந்துச்சு." அவள் மூச்சு வாங்கினாள். "முடிச்ச மூணாம் நாள் நீ வந்தே."

எலோய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். அப்பாவின் கை தேய்த்துப் பளபளப்பான இடம் அது. அங்கிருந்து கையை எடுத்துவிட்டான்.

"அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"சொல்றேன்னுதான் சொன்னேன். அவருதான் வேண்டாம்னுட்டாரு. அவன் தொழில்காரன், ஒரு தடவை குனிஞ்சு பார்த்தா அவனுக்கே தெரிஞ்சுடும், அப்ப சாவியைக் கொண்டுவந்து குடுப்பான்னாரு."

அவன் குனிந்து பார்க்கவே இல்லை. நவம்பரில் இல்லை, கிறிஸ்துமஸுக்கு வந்தபோதும் இல்லை. நின்ற வாக்கில் பின்னாலிருந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னவன், இன்று காலைதான் முதன்முதலாக அந்த வண்டிக்கு அடியில் படுத்தான். அதுவும் அறுப்பதற்காக. சாயங்காலம் சாயங்காலம் அப்பா வண்டியில் உட்கார்ந்து எதற்குக் காத்திருந்தார் என்பது இப்போது அவனுக்குப் புரிந்தது.

"ஒர்லிண்டா!" என்று கத்தினான். "அம்மாவை உன் கார்ல கூட்டிட்டுப் போ. பூசையை ஆரம்பிக்கச் சொல்லு."

"நீ?"

"பூசை முடியறதுக்குள்ள வண்டியோட வாசல்ல நிப்பேன்."

"உனக்கென்ன பைத்தியமா? அப்பாவோட பூசைடா அது! மூத்த பிள்ளை இல்லாம…" அண்ணே என்பது போய் 'டா' வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. "உசிரோட இருக்கறப்பதான் அவரை மதிக்கல, இன்னிக்குமா?"

எலோய் அதைக் கேட்டுக்கொண்டான். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை அவள். அம்மா மகனையும் பார்த்தாள், வேலியோரம் கிடந்த குழாயையும் பார்த்தாள். பிறகு இறங்கி மகளின் கையைப் பிடித்து, "வாடி போகலாம். அவன் வந்துடுவான்" என்று காரில் ஏறிக்கொண்டாள்.

பத்து மணிக்கு மணி அடித்தபோது அவன் தன் குழாயை அறுத்துக்கொண்டிருந்தான். அது சீக்கிரமே விழுந்துவிட்டது. அப்பாவின் குழாயை மேலே தூக்கிப் பொருத்துவதில்தான் வினை வந்தது. கிரைண்டர் தட்டு தின்ற இடத்தில் சன்னமான இடைவெளி விழுந்திருந்தது. அதை மூட வளையம் வேண்டும். அவன் கொண்டுவந்திருந்த வளையமெல்லாம் வட்டம். முட்டை வடிவத்துக்கு எந்தக் கடையிலும் வளையம் விற்க மாட்டார்கள்.

"டெல்ஃபினோ, கொட்டகையில தகடு ஏதாவது இருக்கா பாரு. சுத்தியலும் கொண்டா. சீக்கிரம்!"

தகடு இருந்தது. அதன் பக்கத்தில், குழாயைத் தட்டையாக்க அப்பா செதுக்கிய கட்டையும் இருந்தது. முட்டை வடிவில், பென்சில் கோடு அழியாமல். எலோய் அதன்மேல் தகட்டை வைத்துத் தட்டினான். முதல் தகடு கிழிந்தது. வயலுக்கு அப்பால் கோயிலில் பாட்டு ஆரம்பித்தது. இரண்டாவது சரியாக உட்காரவில்லை.

"பிரசங்கம் ஆரம்பிச்சுட்டாங்க மச்சான். வட்டத்தையே வச்சு அடிச்சு விட்டுருவோமே, யாருக்குத் தெரியப் போவுது?"

"குனிஞ்சு பார்த்தா தெரியும்" என்றான் எலோய்.

மூன்றாவது உட்கார்ந்தது. அவசர அவசரமாக வெல்டிங் வைத்தான். பற்று கரடுமுரடாக விழுந்தது. அப்பா வைத்த பற்றுகள் இரண்டு பக்கமும் மழமழவென்று இருந்தன. நடுவில் இவனுடையது மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. தேய்த்துச் சரிசெய்ய நேரமில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது வண்டி கோயில் வாசலில் நின்றது. சட்டையில் கரி, தலையில் மண், பூசைக்கு வராத மூத்த மகன். ஊர் பார்த்தது. பின்பக்கம் ஒரே ஓரத்தில் இருந்த இரண்டு குழாயையும் பார்த்தது. கூட்டத்தில் எவனோ ஒருவன், "என்னப்பா, ஒண்ணு வழிதவறிப் போச்சா?" என்று மெதுவாகக் கேட்டான். எலோய் திரும்பிப் பார்த்தான். அடிக்கவில்லை.

"அது அப்படித்தான் போகணும்" என்றான்.

பெட்டியும், அதைப் பிடித்துக்கொள்ள ஆறு பேரும் ஏறியதும் வண்டி பின்னால் தாழ்ந்தது. அம்மா தன் இடத்தில் ஏறிக் கண்ணாடியை முழுக்க இறக்கினாள். ஓடை வந்தது. எலோய் முதல் கியரில் இறங்கினான். உருண்டைக் கற்கள் சக்கரத்தில் நெரிந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் ஒரு 'ணங்' கேட்கிறதா என்று பார்த்தான். முன்சக்கரம் ஏறியது. பின்சக்கரமும் ஏறியது. ஒன்றும் இடிக்கவில்லை.

மேடேறியதும் அம்மா முழங்கையை ஜன்னலில் வைத்து, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து, நன்றாக மூச்சை இழுத்துவிட்டாள்.

"பாரு, என் பக்கம் வரல" என்றாள்.

"ம்."

புகை அவன் பக்கம் வந்தது. கல்லறைத் தோட்டத்துக்கு இன்னும் கால் மைல் இருந்தது. தன் கண்ணாடியை இறக்கியபடியே வைத்துக்கொண்டு, அவன் மெதுவாக ஓட்டினான்.