பிளக்கைப் பிடுங்கிய நடுவர்

கமலாம்பிகைக்குக் காலையிலிருந்தே வயிறு எரிந்தது. பினாங்கு வியாபாரிகள் சங்கம் சிறந்த கம்ப்யூட்டர் கம்பெனிக்கு முதல் தடவையாக விருது கொடுக்கிற வருஷம், 1994. மூன்று நடுவர்களில் அவளும் ஒருத்தி. ஒரு பேங்கின் கம்ப்யூட்டர் பிரிவையே கட்டி மேய்க்கிறவள். கடைசிச் சுற்றுக்கு வந்திருந்த இரண்டு பேரில் ஒருத்தன் யார் தெரியுமா? விஸ்வலிங்கம்! அவள் தங்கை சற்குணத்தை நிச்சயம் செய்து, பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்த பிறகு கையை விரித்துவிட்டு ஓடியவன். சற்குணம் இன்னும் டத்தோ கிராமாட் பகுதியில் இருக்கிற வீட்டில் கல்யாணம் இல்லாமல்தான் இருக்கிறாள்.

நியாயமாகப் பார்த்தால் விலகியிருக்க வேண்டும். விலகுவாளா? இவன் விருது வாங்கினால் லிட்டில் இந்தியா வட்டாரத்து நகைக்கடைகளின் கம்ப்யூட்டர் வேலை அத்தனையும் இவன் கைக்குப் போய்விடும். வாங்க விடக்கூடாது என்றுதான் வந்திருந்தாள்.

விஸ்வலிங்கம் நகைக்கடைக்கான தன் புரோகிராமைப் போட்டுக் காட்டினான். கமலாம்பிகை அவனை நகரச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தாள். பிப்ரவரி முப்பது என்று தேதி போட்டாள். அது ஏற்கவில்லை. ஒரு பவுன் கையிருப்பு, ஒன்பது பவுன் விற்பனை என்றாள். அதையும் ஏற்கவில்லை. கடைசியில் ஒரு விற்பனையைச் சரியாகப் பதிந்து, பில் அச்சாகும்போதே எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஐயோ, அக்கா!" என்றான் விஸ்வலிங்கம்.

திரும்பப் போட்டபோது அந்த விற்பனை அப்படியே இருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, ஆத்திரத்தில்.

"ஒருத்தருக்குச் செஞ்சதை மத்தவருக்கும் செய்யணும்லா," என்றாள் பக்கத்திலிருந்த இன்னொரு நடுவர் ஹாஜரா.

மற்றவன் ராமு. சங்கத் தலைவரும் மூன்றாவது நடுவருமான பழனியப்பனுடைய மச்சான். அவன் புரோகிராமில் பெயர் கேட்ட இடத்தில் கமலாம்பிகை 'கத்தரிக்காய்' என்று தட்டினாள். 'பொன்னம்மை, இரண்டு பவுன் சங்கிலி' என்று வந்தது. வேறு எதையோ தட்டினாள். அப்போதும் பொன்னம்மைதான். புரோகிராமே இல்லை, வெறும் படங்களை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறான் பாவி! ராமுவுக்கு முகம் வேர்த்துக் கொட்டியது.

போட்டியாளர்களை வெளியே அனுப்பினார்கள். ஹாஜராவின் ஓட்டு விஸ்வலிங்கத்துக்கு. பழனியப்பன் கூச்சமே இல்லாமல் ராமு என்றார். பிறகு கமலாம்பிகை காதோரம் குனிந்தார்.

"மெஷின் கோளாறும்மா, பெரிசா எடுத்துக்காத. அந்த விஸ்வலிங்கம் பயல் உன் வீட்டுக்குப் பண்ணது ஊருக்கே தெரியும். ராமுக்குப் போட்டா யாரு உன்னைக் கேக்கப் போறா?"

யாரும் கேட்கமாட்டார்கள். சற்குணம்கூடச் சந்தோஷப்படுவாள்.

"விஸ்வலிங்கம்," என்றாள் கமலாம்பிகை. அந்தப் பெயரைச் சொல்ல வாய் கூசியது. "பொய்க்கு மார்க் போட்டுட்டு நாளைக்கு நான் பேங்குல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்கார்றது, அண்ணே?"

"நல்லா இரும்மா," என்று சாபம் போலச் சொல்லிவிட்டுப் பழனியப்பன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்.

சாயங்காலம் விருதுக் கோப்பையும் கையுமாக விஸ்வலிங்கம் அவளைத் தேடி வந்தான். கண்ணெல்லாம் ஈரம்.

"அக்கா, பழசையெல்லாம் மறந்துட்டீங்க. உங்க மனசு யாருக்கு வரும்?"

"மறக்கிறதா?" என்றாள் கமலாம்பிகை. "நான் பிளக்கைப் பிடுங்கியும் உன் கம்ப்யூட்டர் பதிஞ்ச விற்பனையைக் கைவிடலடா. பரிசு அதுக்கு. பத்திரிகை அடிச்சதுக்கப்புறம் என் தங்கச்சியைக் கைவிட்ட உனக்கில்ல. தூக்கிட்டுப் போ."