கண்ணாடியைக் கழற்றிய பிறகு

கடப்பாக்கத்துக்கு அருகே இருந்த இறால் ஏற்றுமதிக் குளிர்கிடங்கில் அன்று பயிற்சித் தேர்வு. ஆண்டு 2009. தற்காலிக ஊழியன் தாமோதரன் மாட்டியிருந்த, வெளிநாட்டிலிருந்து சோதனைக்கு வந்திருந்த புதுவகைக் கணினிக் கண்ணாடிக்குள், எந்த வால்வைத் தொட வேண்டுமோ அதன் மேல் ஒரு பச்சை அம்பு மிதந்தது. கிடங்கைக் குளிரூட்டும் நச்சு வாயுவான அம்மோனியா கசிந்தால் மூட வேண்டிய ஐந்து வால்வுகளையும் ஒரு நிமிடத்தில் மூடிவிட்டான். நூற்றுக்கு நூறு.

பயிற்சியின் பலனை மதிப்பிட வந்திருந்த ஜோதிலட்சுமி, "இப்ப கண்ணாடியக் கழட்டிட்டு செய்ங்க" என்றார்.

கழற்றினான். குழாய்கள் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தன. மூன்றாவது வால்வு எதுவென்று தெரியாமல் திகைத்து நின்றான்.

தேறினால்தான் வேலை நிரந்தரம். "மேடம், பாஸுன்னு எழுதிடுங்க. எல்லா எடத்துலயும் அப்டித்தான் நடந்துகினு கீது" என்று கெஞ்சினான். மேலாளர் காசிநாதனும், "இந்தக் கண்ணாடி மெஷின் நல்லாருக்கு, எல்லாரும் பாஸுன்னு ரிப்போர்ட் குடுத்துடுங்க" என்றார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். சீக்கிரமா கத்துக்குடுக்குது. ஆனா இவர் மனசுல பதிஞ்சுதான்னு அது சொல்லாது."

ஜோதிலட்சுமி 'தேறவில்லை' என்றே எழுதினார். கண்ணாடியோடு ஒருமுறை, இல்லாமல் மூன்றுமுறை என்று பதினைந்து நாள் கூடுதல் பயிற்சியும் கேட்டு வாங்கினார். அவரை மனத்துக்குள் திட்டிக்கொண்டே பழகிய தாமோதரன், மறுதேர்வில் தேறினான்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் அம்மோனியா குழாய் வெடித்தது. மின்சாரம் போனது. வெண்புகையில் எதிரே நின்றவர் முகம் தெரியவில்லை. கண்ணாடியைத் தேடி எடுக்க நேரம் ஏது? அடுத்த அறையில் இறால் உரித்துக்கொண்டிருந்த நாற்பது பெண்களில் அவன் மனைவி வசந்தாவும் ஒருத்தி. நச்சுவாயு முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். கைகள் வால்வுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பிடித்து மூடின. சீறல் அடங்கியது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

மறுவாரம் கணவனும் மனைவியும் செங்கல்பட்டில் ஜோதிலட்சுமியின் வீட்டுக்குப் போனார்கள். வசந்தா அவர் கைகளைப் பற்றிக்கொண்டாள். "எங்க நாப்பது பேரு வூட்லயும் அடுப்பு எரியுதுன்னா, அது உங்களாலதாம்மா."

தாமோதரன் கைகூப்பினான். "உங்கள எவ்ளோ திட்டியிருப்பேன் மேடம்! கத்துக்காதவனுக்குப் பாஸ் போட்டுக் குடுக்கறது உதவின்னு நெனச்சிருந்தேன். அது அவனுக்கும் அவன நம்பிக் கீறவங்களுக்கும் செய்ற துரோகம். புதுசா வர்றவங்களுக்கு இப்ப நான்தான் கத்துக்குடுக்கறேன். கண்ணாடியில்லாம செஞ்சி காட்டாதவன் எவனுக்கும் கையெழுத்து போடமாட்டேன்."