மூன்றாம் கல்

மூன்றாம் கல்லுக்கு இறங்கும் வழி சறுக்கும் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிச் சொல்லிப் பரப்பியதே டியூப் அண்ணன்தான். பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பது வருஷம் சோதனைக்குழாய் கழுவியவர் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஓடையைக் காப்பாற்ற ஊர் கூடிக் கமிட்டி போட்டபோது, தண்ணீரைச் சோதிக்கும் வேலையை வேறு யார் தலையில் கட்டுவார்கள்?

வேலை சின்னதுதான். ஓடைக்கரையில் வண்ணம் அடித்த கற்கள் மூன்று. வாரம் ஒருமுறை கடைசிக் கல்லருகே பாட்டிலை மூன்று தரம் அலசி, நீர் பிடித்து, மருந்துப்பொடி போட்டுப் பார்க்க வேண்டும். நிறம் மாறாவிட்டால் நல்ல தண்ணீர். சிவந்தால் உரம் கலந்திருக்கிறது. முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டு, மூன்றாம் கல்லுக்குக் கீழே ஓடைநீர் ஊறி நிறையும் கீழ்த்தெருக் கிணற்றருகே பலகையில் ஒட்ட வேண்டும்.

மண் கரையாமல் இருக்கக் கரையோரம் பத்தடி உழாமல் புல் விடவேண்டும் என்பது கமிட்டியின் இன்னொரு விதி. முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் விட்டார்கள். இரண்டாம் கல்லுக்கும் மூன்றாம் கல்லுக்கும் இடையில் வயல் வைத்திருந்தவன் மட்டும் தண்ணீர் வரைக்கும் உழுது, தண்ணீர் வரைக்கும் உரம் போட்டான். அவன் டியூப் அண்ணனின் மகன்.

முதல் வாரமே பாட்டில் சிவந்தது. வீட்டுக்கு வந்து மகனிடம் காட்டினார்.

"பத்தடியை விட்டுட்டு நான் வாயில மண்ணைப் போட்டுக்கவா? வேணும்னா பலகையில என் பேரை எழுதிட்டு வாங்க. அப்புறம் நீங்களும் நானும் பேசிக்க ஒண்ணுமில்ல."

எழுத மனம் வரவில்லை. அடுத்த வாரம் இரண்டாம் கல்லருகிலேயே நீர் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டார். மகன் வயலுக்கு மேலே இருந்த அந்தத் தண்ணீர் நிறம் மாறவில்லை; மூன்றாம் கல் தண்ணீர் என்று எழுதி ஒட்டினார். அப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது. கமிட்டிக் கூட்டத்தில் எல்லோரும் கைதட்டியபோது கூச்சமே இல்லாமல் எழுந்து நின்று கும்பிட்டவர் அவர்.

இன்று காலை பலகையில் தாளை ஒட்டிவிட்டு, கீழ்த்தெருவில் இருக்கும் மகள் வீட்டுக்குள் நுழைந்தார். பேத்திக்கு இரண்டு மாதம். தாய்ப்பால் போதவில்லை என்று புட்டிப்பால்தான்.

"கேன் தண்ணியை நேத்தோட நிறுத்திட்டேன்ப்பா," என்றாள் மகள். "வாசல்ல கிணத்தை வெச்சுக்கிட்டு எதுக்கு? ஊரே குடிக்குது."

"பாப்பாவுக்குமா?"

"பின்ன? நீங்க கையெழுத்துப் போட்ட தண்ணி. அதுக்கு மேல என்ன வேணும்? பயப்படாதீங்க, எப்பவும் விடப் பத்து நிமிஷம் கூடவே கொதிக்க வெச்சேன்."

மருந்துப்பொடியோடு வந்த தாளை முதல் நாளே படித்திருந்தார். உரம் கலந்த தண்ணீர் கைக்குழந்தைக்கு ஆபத்து, காய்ச்சினாலும் அந்த உரம் போகாது, வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். சொன்னால் மகன் போய்விடுவான், கைதட்டிய ஊர் காறித் துப்பும், இந்த மகள் முகத்தில் இனி விழிக்க முடியாது.

"அந்தப் பாட்டிலைக் குடும்மா," என்று கையை நீட்டினார்.

மகளுக்குச் சிரிப்பு. "ஆசையைப் பாரு! தாத்தாவே குடுக்கட்டும்."

குழந்தையை அவர் மடியில் கிடத்திவிட்டு, பாட்டிலையும் கையில் திணித்துவிட்டு, அவள் துணி காயப்போடப் போனாள். மடியில் பசித்த வாய் அதற்குள்ளாகவே திறந்துவிட்டிருந்தது.