டார்லிங்கா, மாமாவா

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் தில்லையம்பலம் வீடு எது என்று கேட்டால் ஆட்கள் சற்று யோசிப்பார்கள். 'டானி' தில்லையர் வீடு என்றால் சின்னப்பிள்ளையும் கைகாட்டும். அறுபதுகளில் யாழ்ப்பாணத்துக் கார்னிவல் மேடைகளில் டானி வேல் என்கிற அமெரிக்க வெள்ளைக்காரரின் ரயில் பாட்டைப் பாடி வாங்கிய பட்டம் அது. லண்டனுக்கு வந்தும் பட்டம் அவரை விடவில்லை. அவரும் அதை விடவில்லை. தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுவிழாவில் ஆடல், நாடகம், பேச்சு எல்லாவற்றுக்கும் நடுவில் 'இங்கிலிஷ் ஐற்றம்' என்று ஒன்று இருக்கும். பத்து வருடமாக அது தில்லையருடையது. வெள்ளைச் சப்பாத்து, எண்ணெய் வைத்து மேலே வாரிய தலைமயிர், கண்ணாடிக்கு முன்னால் மூன்று வாரம் ஒத்திகை. பகலெல்லாம் கவுன்சில் அலுவலகத்தில் கோப்பு அடுக்குகிற மனிதருக்கு வருடத்தில் அந்த நாலு நிமிடம்தான் நிமிர்ந்து நிற்கிற நேரம்.

அதில் மண் விழுந்தது எண்பத்தெட்டாம் ஆண்டு வைகாசியில், வெம்பிளியில் நடந்த ஒரு பிறந்தநாள் விழாவில். கஸ்பர் என்றொருவன், யாழ்ப்பாணத்துக் குருநகர் ஆள், முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். அகதியாக வந்து இரண்டு வருடம். ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் சட்டி பானை கழுவுகிறவன். யாரோ அவன் கையில் கிற்றாரைக் கொடுத்தார்கள். அவனும் கூச்சப்பட்டுக்கொண்டே பாட ஆரம்பித்தான். பாடியது அதே ரயில் பாட்டு.

தில்லையர் கடித்த ரோல்ஸைத் தட்டில் திருப்பி வைத்தார். டானி வேல் துள்ளித் துள்ளிப் பாடியதை இவன் ஆறுதலாக இழுத்தான். சுரத்தை நேரே போய்ப் பிடிக்காமல் அதற்குக் கொஞ்சம் கீழே நின்று, பிறகு மெல்ல அதன் மேல் ஏறினான். 'டார்லிங், ரயில் போய்விட்டது' என்று வரவேண்டிய இடத்தில் டார்லிங்கைக் காணோம். 'மாமா' என்றான். இரண்டாம் முறை வேறு விதமாக இன்னொரு மாமா. மூன்றாம் முறை அந்தச் சொல் உடைந்தே போனது.

"ரயில் போனதுக்கு ஏன் தம்பி மாமாவைக் கூப்பிடுறாய்? பொம்பிளை கேக்கவோ?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்த, மண்டபம் குலுங்கியது. தில்லையரும் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் சிரித்து முடித்த கையோடு அதே சனம் "இன்னொருக்கால் பாடும்" என்று கேட்டது. பத்து வருடத்தில் தில்லையரை ஒருவர்கூட இன்னொருக்கால் கேட்டதில்லை. கைதட்டுவார்கள், அடுத்ததாகப் பரதநாட்டியம் என்று அறிவிப்பார்கள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சிவகௌரியிடம் பொரிந்து தள்ளினார். "உவன் பாட்டைக் கொலை செய்யிறான். சொல்லுப் பிழை, தாளம் பிழை."

"பெடியன் நல்லாத்தான் பாடினவன். எனக்கு அழுகை வந்திட்டுது" என்றாள் அவள், சீலையை மடித்தபடி. இருபத்தைந்து வருடமாக அவர் பாடக் கேட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள். தில்லையர் எழும்பிப் போய் வெள்ளைச் சப்பாத்தைத் துடைக்கத் தொடங்கினார்.

அடுத்த வாரம் சங்கச் செயலாளர் பரமேஸ்வரன் தொலைபேசியில் இழுத்து இழுத்துக் கதைத்தார். "அண்ணை, இந்தமுறை இங்கிலிஷ் ஐற்றத்தைக் கஸ்பருக்குக் குடுத்தால் என்ன எண்டு கொமிற்றியிலை கேக்கினம்."

"பிழையான பாட்டை மேடையிலை ஏத்தப் போறியளோ? பேச்சுப் போட்டியிலை பிள்ளையளுக்கு உச்சரிப்புப் பிழைக்கு ஐஞ்சு மாக்ஸ் வெட்டுறம், வளந்தவருக்கு ஒரு நியாயமோ?"

இந்த வாதம் சங்கத்துக்காரருக்கு உடனே பிடித்துவிட்டது. எங்கள் ஆட்கள் எதை விட்டாலும் உச்சரிப்பை விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஹரோவில் தமிழ் வகுப்பு நடக்கிற கட்டிடத்தில் கூட்டம், ஒரிஜினல் ரெக்கோட்டைக் கொண்டுவாருங்கள், யார் பாடுவது சரியோ அவரே மேடை ஏறட்டும் என்று முடிவாயிற்று. தில்லையரிடம் இருந்ததோ நாலு தரம் பிரதிபண்ணிய கசெற். அட்டையோடு ரெக்கோட்டாகவே கொண்டுபோய்க் கஸ்பரின் மூக்கை உடைக்க வேண்டுமென்று சனிக்கிழமை காலை பக்கத்துச் சந்தைக்குள் பழைய ரெக்கோட் விற்கிற கடைக்குப் போனார்.

கடைக்காரர் டெஸ்மண்ட், ஜமேக்காவில் பிறந்த கறுப்பினத்தவர். டானி வேல் ரெக்கோட்டை ஒரு நிமிடத்தில் எடுத்துப் போட்டார். பிறகு தில்லையரை மேலும் கீழும் பார்த்து, "இந்தப் பாட்டை எழுதிப் பாடியவளைக் கேட்டிருக்கிறீரா?" என்றார்.

"இவர்தானே பாடியவர்?"

டெஸ்மண்ட் சிரித்தார். அந்தச் சிரிப்பு தில்லையருக்குப் பிடிக்கவில்லை. அடியிலிருந்து இன்னொரு அட்டையை உருவினார். படத்தில் ஒரு பெண், தடித்த உடம்பு, பூப்போட்ட சட்டை, கறுப்பு முகம். கோரா லீ பிளண்ட் என்று எழுதியிருந்தது. டானி வேலுக்கு எட்டு வருடம் முந்தி இவள் பாடியது, கறுப்பர்களின் கடைகளில் மட்டும் விற்றது, பெரிய வானொலிகள் தொடவில்லை என்றார் டெஸ்மண்ட். பிறகு அந்த வெள்ளைக்காரப் பையன் வந்தான், வேகத்தைக் கூட்டினான், மாமாவை டார்லிங் ஆக்கினான், உலகமே ஆடியது. "இவன் ஒருவன் என்று நினைக்காதேயும். நீர் அமெரிக்கப் பாட்டு என்று ரசிக்கிற எதையும் கொஞ்சம் சுரண்டிப் பாரும், உள்ளே எங்கள் ஆள் ஒருவர் இருப்பார். ஆடுகிற தாளம், அழுகிற குரல், எல்லாம்."

ஊசியை வைத்தார். ரயில் போனது. மாமா, என்றாள் அந்தப் பெண். தன்னை வழியனுப்பாமலே செத்துப்போன தாயைக் கூப்பிடுகிறாள் என்று அடுத்த அடியைக் கேட்டபோதுதான் தில்லையருக்கு விளங்கியது. சுரத்துக்குக் கீழே நின்று மெல்ல மேலே ஏறினாள். மூன்றாம் மாமா உடைந்தது. அச்சு அசல் கஸ்பர்.

இருபத்தைந்து வருடமாகத் தில்லையர் அசல் என்று போட்டுத் திரிந்தது நகல். குசினியில் சட்டி கழுவுகிறவன் பாடுவது அசல். தவறு தெரிந்த மனிதருக்கு வெட்கம் வரவேண்டும். தில்லையருக்கு வந்தது ஆத்திரம். "இன்னொரு கொப்பி இருக்கோ?" என்று கேட்டார். இது ஒன்றுதான் என்றார் டெஸ்மண்ட். இரண்டு ரெக்கோட்டையும் வாங்கிக்கொண்டார். இனி அந்தக் கடைக்குக் கஸ்பர் வந்தாலும் கிடைக்காது.

ஞாயிறு கூட்டத்துக்கு டானி வேலை மட்டும் கொண்டுபோனார். ஊசி வைத்தார்கள். 'டார்லிங்' என்று கணீரென்று வந்தது. கொமிற்றி தலையாட்டியது.

"தம்பி, உம்மடை மாமா எந்த ரெக்கோட்டிலை இருக்கிறார்?" என்று கேட்டார் தில்லையர்.

"ரெக்கோட் தெரியாது அண்ணை. குசினியிலை என்னோடை வேலை செய்யிற வியோலா எண்ட கறுப்பு மனுசி பாடுவா. அவ தன்ரை தாயிட்டைக் கேட்டதாம். அவையள் மாமா எண்டுறது அம்மாவை."

"ரெக்கோட் இல்லாமல் ஒரிஜினலோ?"

கஸ்பர் ரெக்கோட் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். "சரி அண்ணை, நீங்களே பாடுங்கோ" என்று எழும்பிப் போனான். வாதாடுவான், கெஞ்சுவான் என்று எதிர்பார்த்திருந்த தில்லையருக்கு வென்றதிலும் ருசி இல்லாமல் போயிற்று.

கோரா லீ அலுமாரிக்குள் வேட்டிகளுக்கு அடியில் கிடந்தாள். சிவகௌரி ஷிப்டுக்குப் போன நேரமெல்லாம் தில்லையர் அவளை வெளியே எடுத்தார். குறை கண்டுபிடிக்கத்தான் முதலில் கேட்டார். பத்தாம் முறை, கூடப் பாடினார். கண்ணாலும் காணாத ஒரு மனுசிமேல் பொறாமைப்படுகிறோமே என்று தனக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் பட்டார். அந்த வளைவு ஒன்று தனக்கு வந்தால் போதும், சொல் டார்லிங்காகவே இருக்கட்டும் என்று கணக்குப் போட்டார்.

ஆண்டுவிழா அன்று பின்னேரம் வெம்பிளி மண்டபம் நிரம்பியிருந்தது. ஊரில் சண்டை, கடிதம் வந்து மாதக்கணக்கான சனம் அது. தில்லையர் வெள்ளைச் சப்பாத்தோடு மேடை ஏறினார். ஆறுதலாக இழுத்தார். அந்த இடம் வந்தது. டார்லிங் என்று வாயைத் திறந்தவருக்கு 'மாமா' என்று வந்துவிட்டது. பழகின தொண்டை சொல்வழி கேட்கவில்லை. திடுக்கிட்டார். யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவது மாமாவில் மண்டபம் அடங்கியது. மூன்றாவதில் முன்வரிசைப் பெண்கள் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். சிவகௌரியும் துடைத்தாள். பாட்டு முடிய, "இன்னொருக்கால்!" என்ற சத்தம் கூரையைத் தூக்கியது.

மேடைக்குப் பின்னால் பரமேஸ்வரன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணை, கஸ்பர் பாடேக்கை பகிடியாய்க் கிடந்தது. நீங்கள் பாடேக்கைதான் அது அம்மா எண்டு விளங்கினது! எங்கை பழகினனீங்கள்?"

"எனக்கு எப்பவோ தெரியும்" என்றார் தில்லையர்.

சொன்ன பிறகுதான் பரமேஸ்வரனுக்குப் பின்னால் நின்ற கஸ்பரைக் கண்டார். கண் சிவந்திருந்தது. சட்டையைப் பிடிக்கப்போகிறான் என்று நினைத்தார். பிடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அண்ணை, கடைசி மாமா என்னைவிட நல்லாய் வந்தது" என்றான் கஸ்பர். குரலில் கள்ளமே இல்லை. "நீங்கள் அந்தப் பழைய ரெக்கோட்டைக் கேட்டிருக்கிறியள், இல்லாட்டி உப்பிடி வராது. பாடினவவின்ரை பேர் என்ன? வியோலாவும் பேர் தெரியாமல்தான் பாடுறா. சொன்னால் சந்தோசப்படுவா."

வெளியே சனம் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தது. பேர் தில்லையரின் நாக்கு நுனியில் இருந்தது. கோரா லீ பிளண்ட், மூன்று சொல், ஒரு மூச்சு. பாட்டையும் பறிகொடுத்துவிட்டுப் பேரை மட்டும் கேட்டு நிற்கிற இந்த மனிதனைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. தனக்கு ஒருநாளும் வராத ஏதோ ஒன்று அவனிடம் இருந்தது, அது எந்த ரெக்கோட்டிலும் கிடைக்காது.

"தெரியாது தம்பி" என்றார். "ரெக்கோட்டிலை பேர் போடேல்லை."

பிறகு இன்னொருக்கால் பாடுவதற்காக மேடைக்குத் திரும்பினார்.