கைதட்டல்: நண்பர்கள்

‘லைட்டை அணைக்காதே’ பாட்டைக் கேட்காத காது ஒன்று இருந்தால் அது செவிட்டுக் காதாகத்தான் இருக்க வேண்டும். கல்யாண மண்டபம், பேருந்து, பற்பசை விளம்பரம், பல் டாக்டர் வீட்டு வரவேற்பறை என்று நாற்பத்திரண்டு வருடமாக அது என்னைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. பாட்டு ஆரம்பித்துப் பதினெட்டாவது நொடியில் கைதட்டல் வரும். மூன்று கைகள் சேர்ந்து விழும். நாலாவது கை ஒரு மயிரிழை பிந்தி விழும். ஆடுகிறவர்களின் இடுப்பு அந்த மயிரிழையில்தான் திரும்புகிறது. டிஸ்கோ பாட்டு ஆயிரம் வந்து போய்விட்டது, இது மட்டும் ஏன் நிற்கிறது என்று பெரிய பெரிய ஆட்கள் பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். எல்லாரும் அந்தப் பிந்திய கையைத்தான் சொல்கிறார்கள்.

அந்தக் கை என்னுடையது.

சொன்னால் யார் நம்புகிறார்கள்? என் தம்பி நம்பவில்லை. தம்பி பெண்டாட்டி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, “கைதட்டுறதெல்லாம் ஒரு பெருமையா அண்ணி?” என்றாள். அதோடு அந்த வீட்டில் இந்தப் பேச்சை நிறுத்திவிட்டேன். பேச்சைத்தான் நிறுத்தினேன். வயிற்றெரிச்சல் நிற்கவில்லை.

நான் அப்போது ஒலிப்பதிவுக் கூடத்தில் டைப்பிஸ்ட். கூடம் என்று பெயர்தான் பெரிசு. டயர் கிடங்குக்கு மேலே இரண்டு அறை, ஒரு ரப்பர் நாற்றம். முதலாளிக்குக் கடிதம் அடிப்பது, பாட்டு வரிகளை நாலு நகல் அடிப்பது, இவ்வளவுதான் என் வேலை. ஒரு நாள் மத்தியானம் ஒரு இசைத்தட்டின் பின்பக்கத்தை நிரப்ப ஒரு பாட்டு தேவைப்பட்டது. எங்கே பார்த்தாலும் டிஸ்கோ, நாமும் ஒன்று போட்டுவைப்போம் என்றார் முதலாளி. பாட்டுக்காரி பாடி முடித்து, வாசலில் நின்ற டாக்ஸியில் ஏறிப் போய்விட்டாள். ஒலிப்பதிவாளர் நாடாவை ஓட்டிக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“நடுவுல காலியா கெடக்கு. யாராவது கைதட்டுங்கப்பா.”

இருந்தது மூன்று பேர். டிரம்ஸ் வாசிக்கிற ‘இடி’. பேஸ் கிட்டார் வாசிக்கிற ‘தூங்குமூஞ்சி’. கிட்டார் வாசிக்கிற ‘நெட்டை’. மூன்று பேர் தட்டினால் கூட்டம் மாதிரி இல்லை, இன்னொரு கை வேண்டும் என்றார் ஒலிப்பதிவாளர்.

“அந்த டைப்பிஸ்ட்டக் கூப்பிடுங்க. அவளுக்குத்தான் பத்து விரலும் வேலை செய்யுது” என்றார் இடி.

போனேன். ஹெட்போன் மூன்றுதான் இருந்தது. மூன்றும் ஆண்களின் தலையில் ஏறிக்கொண்டன. எனக்கு ஒன்றும் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. பாட்டு அவர்கள் காதுக்குள் ஓடுகிறது. அறைக்குள் ஒரு சத்தமும் கிடையாது. நான் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன். எதிரே நின்ற நெட்டை உதட்டை மட்டும் அசைத்து, “என் கையப் பாத்துத் தட்டு” என்றான். பார்த்தேன். அவன் கை சேரும்போது நானும் சேர்த்தேன். ஐந்து நிமிடம் நாற்பது நொடிக்கு அவன் கையைத் தவிர உலகத்தில் எதையும் நான் பார்க்கவில்லை.

அவனை எனக்குப் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். அவனிடம் சொன்னதில்லை, வேறு யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன், போகட்டும்.

பதிவு முடிந்ததும் ஒலிப்பதிவாளர், “ஒரு கை பிந்துதே, இன்னொரு தடவை எடுத்துடலாமா?” என்று கேட்டார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த கோஷ்டி மாடிப்படியில் வந்து நின்றது. “பின்பக்கத்துப் பாட்டுதானே, யாரு கேக்கப் போறா? விடுய்யா” என்று சொல்லிவிட்டார்.

அட்டை உறைக்கு விவரம் அடித்ததும் நான்தான். முதலாளி சொல்லச் சொல்ல அடித்தேன். பாடியவர், இசை, டிரம்ஸ், கிட்டார், படம் பிடித்தவர், படத்துக்கு விளக்குப் பிடித்தவர். கைதட்டல் என்று வந்ததும் நிறுத்தினார். “அதான் மூணு பேர் பேரும் மேலேயே இருக்கே. சும்மா நண்பர்கள்னு போடு.” நாலாவது ஆள் எதிரே உட்கார்ந்து அடித்துக்கொண்டிருக்கிறாளே என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் வாயைத் திறக்கக் கூச்சம். ‘கைதட்டல்: நண்பர்கள்’ என்று என் கையாலேயே அடித்தேன். நாற்பத்திரண்டு வருடமாக அந்த ஒரு வரியை நினைத்து என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

நடன விடுதிகளில் யாரோ இசைத்தட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் முன்பக்கத்தில் என்ன பாட்டு இருந்தது என்பதே ஊருக்கு மறந்துபோனது. இரண்டு வருடம் ஓடு ஓடென்று ஓடியது. பிறகு ஒரே நாளில் எல்லாருக்கும் டிஸ்கோ கசந்துவிட்டது. பளபளச் சட்டை போட்டவனைப் பார்த்தால் சிரித்தார்கள். கூடத்தை மூடினார்கள். டயர்க்காரர் மாடியையும் எடுத்துக்கொண்டார். நெட்டைக்குக் கல்யாணம் ஆனது. அவன் கல்யாண மண்டபத்திலும் அதே பாட்டுதான். கூட்டம் முழுக்கக் கைதட்டியது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்றால் ஆகவில்லை, அவ்வளவுதான். ஓர் அலுவலகம், பிறகு இன்னோர் அலுவலகம், ஓய்வு. இப்போது நகல் எடுக்கிற கடையின் ஒரு மூலையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு மனு அடித்துக் கொடுக்கிறேன். வீட்டில் இருந்தால் சுவரைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கும்.

போன மாதம் அந்தக் கடைக்கு ஒரு தாடிக்காரனும் ஒரு பெண்ணும் வந்தார்கள். மனு அடிக்க வந்தவர்கள் என்று நினைத்து, “உக்காருங்க, யாருக்கு எழுதணும்?” என்றேன்.

“ஆன்ட்டி, ‘லைட்டை அணைக்காதே’ல கைதட்டினது நீங்கதானா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

கை விசைப்பலகையிலேயே நின்றுவிட்டது. அந்தப் பெண் பாடகியாம். அந்தப் பாட்டைத் திரும்பப் பாடப்போகிறாளாம். தாடிக்காரன் இசை அமைக்கிறவன். பழைய நாடா எங்கேயோ தொலைந்துவிட்டது. கணினியில் கைதட்டல் செய்து பார்த்திருக்கிறான், ஒட்டவில்லை. பிந்துவதை அளந்து, அதே அளவு பிந்த வைத்தும் பார்த்திருக்கிறான்.

“அப்பவும் உயிர் இல்ல மேடம். பாட்டுக்காரம்மாவைப் போய்ப் பாத்தோம். ‘கைதட்டினது யாருன்னு எனக்குத் தெரியாது, நான் அப்பவே கிளம்பிட்டேன். அங்க ஒரு டைப்பிஸ்ட் பொண்ணு இருந்தா, உயிரோட இருந்தா அவளக் கேளுங்க’ன்னாங்க” என்றான் தாடிக்காரன்.

“இருக்கேன்” என்றேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போனேன். நாலாவது மாடியில் ஒரு படுக்கையறை அளவு இடம், சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. உங்க கை மட்டும் போதும் மேடம், மற்றதைக் கணினியில் சேர்த்துக்கொள்கிறேன் என்றான் தாடிக்காரன். எனக்குச் சுர்ரென்று வந்தது.

“அது எப்படிப் போதும்? நாலு பேர் தட்டினோம். ஒவ்வொருத்தர் கையும் ஒவ்வொரு சத்தம். மத்தவங்களக் கூப்பிடுங்க.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தேடியிருக்கிறார்கள். இடி போய்ப் பல வருடம் ஆயிற்று. தூங்குமூஞ்சிக்குப் பெற்ற மகளையே அடையாளம் தெரியவில்லை.

“கிட்டார் வாசிச்சவர்?”

“ரெண்டு மாசம் ஆச்சு மேடம்” என்றான். “உங்களுக்குத் தெரியும்னு நினைச்சோம்.”

எனக்கு யார் சொல்வார்கள்? நான் அவனுக்கு யார்? அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “நாலு பேருக்கும் நானே தட்டுறேன். ஒண்ணுமேல ஒண்ணா பதிவு பண்ணுங்க” என்றேன்.

ஹெட்போன் மாட்டினார்கள். தலையணை மாதிரி மெத்தென்று இருந்தது. முதலில் இடி. அவர் உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு தட்டுவார்; மரப்பலகை சத்தம் வரும். அடுத்தது தூங்குமூஞ்சி. நாலு விரலால் உள்ளங்கையைத் தொட்டும் தொடாமலும் தட்டுவான், தட்டுவதற்கே அலுப்பு. மூன்றாவது நெட்டை. கையை நன்றாக விரித்து, பளார் பளாரென்று. அவனுக்குத் தட்டி முடித்தபோது என் உள்ளங்கை சிவந்துபோயிருந்தது. கண்ணும்தான்.

நாலாவதாக என்னுடையது.

தட்டினேன். தாடிக்காரன் கேட்டான். துக்கச் செய்தி சொல்கிறவன் மாதிரி மெதுவாக, “மேடம், இது சரியா விழுது” என்றான்.

“சரின்னா நல்லதுதானே?”

“இல்ல மேடம். பிந்தல.”

இன்னொரு முறை. சரியாக விழுந்தது. வேண்டுமென்றே பிந்தினேன், நொண்டியது. ஆறு முறை ஆயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருவரும் பார்த்துக்கொண்ட பார்வை எனக்குத் தெரியும். தம்பி பெண்டாட்டியின் பார்வை அது. பாவம், வயசானவங்க, எங்கேயோ கேட்டதைச் சொல்லிட்டிருக்காங்க என்கிற பார்வை. எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது. தட்டியது நான்தானா? இல்லை, தனியாக இருந்து இருந்து நானாகக் கட்டிய கதையா?

“பரவால்ல மேடம், இன்னைக்குப் போதும்” என்றான் தாடிக்காரன்.

ஹெட்போனைக் கழற்றினேன். கழற்றியதும் அறை கப்பென்று அமைதியானது. அந்த அமைதி எனக்குத் தெரிந்த அமைதி. அட மக்கே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

“எனக்கு ஹெட்போனே கிடையாதுப்பா! மூணுதான் இருந்துச்சு! நான் பாட்டக் கேக்கவே இல்ல. எதிர்ல நிக்கிறவர் கையப் பாத்துத்தான் தட்டினேன்!”

தாடிக்காரன் வாயைப் பிளந்தான். அந்தப் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள். என் ஹெட்போனைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு எனக்கு எதிரே நின்றாள்.

“நான் தட்டுறேன் ஆன்ட்டி, நீங்க பாருங்க.”

“சத்தம் வரக்கூடாது. உன் கை சேர்றதுக்கு ஒரு விரல் முன்னாடி நிறுத்திக்க.”

சிவப்பு விளக்கு எரிந்தது. நெட்டையின் கையை நினைத்துக்கொண்டேன் என்று சொன்னால் அது பொய். அந்தப் பெண்ணின் கையைத்தான் பார்த்தேன். நீலச் சாயம் பூசிய நகம், ஒரு விரலில் பிளாஸ்திரி. அந்தக் கைகள் ஒன்றையொன்று தேடி வந்து, தொடாமல் நின்றன. அவை நின்ற பிறகுதான் என் கை சேர்ந்தது. கடைசி வரைக்கும் ஒரு சத்தமும் இல்லாத அறையில் என் கை மட்டும் கேட்டது.

தாடிக்காரன் நாற்காலியிலிருந்து துள்ளினான். “இதுதான்! இதேதான்!” அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டாள். என்னை யாரும் கட்டிக்கொண்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நாலு கைதட்டலையும் சேர்த்து ஓட்டிக் காட்டினான். கண்ணை மூடிக் கேட்டேன். நாலு பேரும் இருந்தார்கள்.

“முழுப் பேர் சொல்லுங்க மேடம். கைதட்டல்னு தனியாவே போடுறோம், கொட்டை எழுத்துல” என்று விசைப்பலகையில் கை வைத்தான்.

நாற்பத்திரண்டு வருடம் இதற்காகத்தானே பொருமினேன்? பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் என் பெயரை மட்டும் போட்டால், அந்த அறையில் நான் தனியாக நின்று தட்டியதாக ஆகிவிடும். இப்போது தனியாகத்தான் தட்டினேன். அன்றைக்கு இல்லை.

“நகருங்க, நானே அடிக்கிறேன்” என்றேன். பத்து விரலும் இன்னும் வேலை செய்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பாட்டு வெளிவந்தது. காலையில் தம்பி போன் செய்தான்.

“அக்கா, உன் பாட்டு திரும்ப வந்திருக்கு பாத்தியா? நல்லாதான் இருக்கு. பேரெல்லாம் போட்டிருக்கான், டீ வாங்கிக் குடுத்தவன் பேர் வரைக்கும். உன் பேரத்தான் காணோம்.”

“கடைசி வரியப் பாரு.”

“கைதட்டல், நண்பர்கள்னு இருக்கு. யாருக்கா அது?”

“நான்தான்டா.”

“நண்பர்கள்னா நாலு பேராவது இருக்கணும்லக்கா.”

“நாலு பேரும் நான்தான்.”

அந்தப் பக்கம் தம்பி போனைக் கையால் மூடிக்கொண்டு பெண்டாட்டியிடம் ஏதோ சொன்னான். பிறகு, சின்னக் குழந்தையிடம் பேசுகிற மாதிரி ரொம்ப இதமாகக் கேட்டான்.

“சரிக்கா. காலையில மாத்திரை போட்டியா?”

“போட்டேன்” என்றேன்.