லூக்காவுக்குப் புரியாதவை

செங்கம் சாலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்தும் சிந்துஜா டீச்சர், பாடம் முடிந்ததும் "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்பாள். இத்தாலியிலிருந்து வந்து சேர்ந்த லூக்கா மட்டும் கை தூக்குவான். பரீட்சையில் அவனைத் தவிர எல்லோரும் கோட்டை விட்டார்கள்.

"ஏம்மா, புரியலைனா கேக்கலாம்ல?" என்றாள் ஆர்த்தியிடம். அடி அண்ணாமலையிலிருந்து வரும் பிள்ளை.

"கேட்டா, நீங்க சரியா நடத்தலைனு சொன்ன மாதிரி ஆயிடும் மிஸ்."

அன்று காலையில் தலைமையாசிரியர் நடத்திய கூட்டத்தில் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டு வந்த சிந்துஜாவுக்கு அதட்ட மனம் வரவில்லை.

மறுநாள் பாடம் முடிந்ததும், "இதுல லூக்காவுக்கு என்னல்லாம் புரிஞ்சிருக்காது?" என்றாள்.

வகுப்பே கை தூக்கியது.

"கீழ இருக்கிற நம்பர் ஜாஸ்தியானா பின்னம் ஏன் கம்மியாவுதுனு அவனுக்குப் புரிஞ்சிருக்காது மிஸ்" என்றாள் ஆர்த்தி.

லூக்கா எழுந்து, தனக்கு எல்லாமே புரிந்ததாகச் சொன்னான். சிந்துஜா அவனை உட்காரச் சொல்லிவிட்டு, பாடத்தை முதலிலிருந்து நடத்தினாள்.